ஒலிப்பதிவுக் காப்பகத்துக்கு ஹார்ட் டிஸ்க்குகள்: நன்கொடை வேண்டுகோள்

உறுப்பினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நம் கூட்டுக் காப்பகத்தில் இயங்கும் நான்கு ஹார்ட் டிஸ்க்குகளில் ஒன்று பழுதாகத் தொடங்கிவிட்டது. படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டார்களின் (வட்டில் தரவு பதியும் சிறு பகுதிகளின்) எண்ணிக்கை பூஜ்யமாகவே இருக்க வேண்டும். அந்த வட்டு தன் நிலையைத் தானே கண்காணித்துத் தரும் ஸ்மார்ட் அறிக்கையில் அது வாரத்துக்கு வாரம் ஏறுகிறது. காப்பகத்தில் இருப்பவை முதியவர்கள் சொன்ன கதைகளும் பாடிய பாடல்களும். அவர்களில் பலர் இன்று இல்லை. மறுபடி பதிவுசெய்ய வழியே இல்லை.

பல வட்டுகளைச் சேர்த்து, ஒன்று பழுதானாலும் தரவு தப்பும்படி எழுதும் முறைக்கு ரெய்டு என்று பெயர். இப்போதைய அமைப்பு அதில் ரெய்டு 5 என்ற வகை. ஒரு வட்டு போனால் தாங்கும். ஆனால் புதியதை மாட்டி மீட்டெடுக்கும்போது மீதி மூன்றையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தாக வேண்டும். 8 டெராபைட் வட்டுக்கு, நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் ஓடினாலும், 11 மணி நேரம் பிடிக்கும். அந்த மூன்றும் இதே வயதில், இதே உழைப்பில் தேய்ந்தவை. இடையில் இன்னொன்று நின்றால் எல்லாம் போய்விடும். ஆகவே ஆறு வட்டுகளுடன் ரெய்டு 6 என்ற வகைக்கு மாற முடிவுசெய்துள்ளோம். 32 டெராபைட் இடம் கிடைக்கும். இரண்டு வட்டுகள் ஒருசேரப் போனாலும் பதிவுகள் தப்பும்.

வீட்டில் சும்மா இருக்கும் வட்டுகளைத் தர முன்வந்தவர்களுக்கு மனமார்ந்த நன்றி. ஆனால் அவற்றை ஏற்க இயலாத நிலையில் இருக்கிறோம். சாதாரண மேசைக்கணினி வட்டு, பழுதான இடத்தைப் படித்துவிட நெடுநேரம் முயன்றுகொண்டே இருக்கும். பதில் வராததால் ரெய்டு அதைச் செத்ததாகக் கருதி வெளியேற்றிவிடும். நாஸ் எனப்படும் வலையமைப்புச் சேமிப்பகங்களுக்கென்றே செய்த வட்டுகள் ஏறத்தாழ 7 நொடிகளில் பிழையை அறிவித்துவிடும். ரெய்டு மற்ற வட்டுகளைக் கொண்டு அதைச் சரிசெய்துகொள்ளும்.

கூரை ஓடுகளைப் போலத் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் வட்டுகளும் வேண்டாம். மீட்டெடுப்பின்போது அவற்றின் எழுதும் வேகம் படுத்துவிடும். நாஸுக்கென விற்ற சில மாடல்களிலேயே இம்முறை சொல்லாமல் புகுத்தப்பட்டிருந்தது 2020இல் வெளிவந்தது. அதனால் மாடல் எண்ணைச் சரிபார்த்து, தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் எழுதும் சிஎம்ஆர் வட்டுகளை மட்டுமே வாங்குவோம். சராசரிப் பழுது இடைவெளி 10 லட்சம் மணி நேரம் என்று விளம்பரம் சொல்லும். அது 114 ஆண்டு! தனி வட்டின் ஆயுளை அது சொல்வதில்லை. ஐந்தாண்டு உத்தரவாதத்தையும், இணையவழிச் சேமிப்புச் சேவை தரும் பேக்பிளேஸ் நிறுவனம் 2013 முதல் சேகரித்துவரும் பழுதுக் கணக்குகளையுமே நாங்கள் நம்புகிறோம். ஒரே தொகுப்பில் தயாரானவை ஒரே சமயத்தில் பழுதாகக்கூடும் என்பதால் வெவ்வேறு விற்பனையாளர்களிடம் பிரித்து வாங்குவோம்.

ஏழாவது வட்டு ஒன்று மாற்றாகக் கையிருப்பில் இருக்கும். யாரேனும் ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால் ரெய்டு காப்பாற்றாது. அதற்காக வேறோர் இடத்தில் தனிப் பிரதியும் வைக்க வேண்டும். இத்தனைக்கும் சேர்த்துத்தான் உங்கள் உதவியைக் கேட்கிறோம்.

ஒருவரே ஒரு வட்டின் செலவை ஏற்கலாம். நண்பர்கள் சேர்ந்தும் ஏற்கலாம். முடிந்த தொகை எதுவானாலும் மகிழ்ச்சியே. பொருளாளரிடம் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். வாங்கும் ஒவ்வொரு வட்டின் மாடல் எண்ணும் உத்தரவாதத் தேதியும் பில்லும் அடுத்த கூட்டத்தில் உங்கள் பார்வைக்கு வைக்கப்படும். பழுதான வட்டு முற்றிலும் நிற்பதற்குள் வாங்கிவிட வேண்டும். தயவுசெய்து இந்த மாதமே தாருங்கள்.

இப்படிக்கு,
காப்பகக் குழுவினர்