ஒரே பெயர், ஒரே கடவுச்சொல்: லயன் வீடுகளில் பொருத்தப்பட்ட ரவுட்டர்கள் பற்றிய புகார்

அனுப்புநர்:
4ஜி வீட்டு இணைய இணைப்புப் பெற்ற லயன் (லயம், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) குடியிருப்பாளர்கள் சார்பில்,
பொகவந்தலாவை, நுவரெலியா மாவட்டம்.

பெறுநர்:
முகாமையாளர்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கொழும்பு.

விடயம்: ரவுட்டர்களைப் பாதுகாப்பில்லாமல் பொருத்தியதால் ஏற்பட்ட டேட்டா இழப்பும், நிர்வாகக் கடவுச்சொல்லை (ரவுட்டரின் அமைப்புகளை மாற்றத் தேவையான கடவுச்சொல்லை) தர மறுத்தலும்

ஐயா / அம்மணி,

எங்கள் லயனில் உங்கள் 4ஜி ரவுட்டர் வாங்கிய வீடுகள் எல்லாவற்றிலும் வைஃபையின் பெயர் ஒன்று, கடவுச்சொல்லும் ஒன்று. பொருத்த வந்த உங்கள் ஊழியர் அப்படித்தான் வைத்துவிட்டுப் போனார். அதனால் ஒரு வீட்டு டேட்டா இன்னொரு வீட்டுப் போனில் கரைகிறது. மாதம் பாதி போகுமுன் பெக்கேஜ் முடிந்துவிடுகிறது என்று ஹொட்லைனுக்கு எடுத்துச் சொன்னவர்களுக்குக் கிடைத்த பதில், "பக்கத்து வீட்டார் உங்கள் பாஸ்வேர்டைத் திருடியிருப்பார்கள், மாற்றிக்கொள்ளுங்கள்" என்பதே. இங்கே யாரும் எதையும் திருடவில்லை. மாற்றிக்கொள்ளும் வழியையும் நீங்களே பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

நடப்பது இதுதான். போனுக்கு எந்த ரவுட்டர் எந்த வீட்டுடையது என்று தெரியாது. வைஃபையின் பெயர், பாதுகாப்பு முறை, கடவுச்சொல் மூன்றும் ஒத்துப்போனால் இரண்டு ரவுட்டர்களையும் ஒரே வலையமைப்பு என்றே எடுத்துக்கொள்ளும். எதன் சிக்னல் பலமோ அதில் தானாகவே சேர்ந்துவிடும். பெரிய கட்டடங்களில் மாடிக்கு மாடி நடந்தாலும் இணைப்பு அறுந்துபோகக் கூடாது என்பதற்காக உள்ள ஏற்பாடு இது. அங்கே எல்லாப் பெட்டிகளுக்கும் பில் ஒன்று. லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா (அறைக்கு அறை) பில் வேறு.

எங்களுடையது முதுகோடு முதுகாகக் கட்டிய இரட்டை லயம். 10 அடிக்கு 12 அடி காம்பராக்கள். பல இடங்களில் நடுச்சுவர் கூரைத் தகரம்வரை போவதில்லை. இஸ்தோப்பில் (முன் விறாந்தையில்) ரவுட்டர் வைத்திருக்கும் வீட்டில் ஒரு பிள்ளை குசினிப் பக்கம் உட்கார்ந்து பாட வீடியோ பார்த்தால், அந்தப் போனுக்குச் சொந்த ரவுட்டரைவிடப் பின்வீட்டு ரவுட்டர்தான் பக்கம். திரையில் தெரிவது அதே பெயர். பார்க்கும் பிள்ளைக்கும் தெரியாது, டேட்டாவை இழக்கும் வீட்டுக்கும் தெரியாது.

இது ஊகம் அல்ல. உங்கள் ஊழியர் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டுப்போன இரண்டு வீடுகள் உண்டு. இரண்டும் முதுகோடு முதுகாக உள்ளவை. ரவுட்டரின் அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள தொழிற்சாலைக் கடவுச்சொல்லே அங்கே வேலை செய்தது. வீட்டுக்காரர்களின் சம்மதத்தோடு 192.168.8.1 என்ற ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பார்த்தோம். ஒரே மெக் முகவரி (வலையமைப்பில் ஒரு கருவியை அடையாளம் காட்டும் குறியீடு) இரண்டு வீட்டுப் பட்டியலிலும் மாறி மாறி வந்தது. இப்போதைய போன்கள் முகவரியை மாற்றிக் காட்டுமே என்று உங்கள் பொறியியலாளர் கேட்கக்கூடும். 2019இல் வந்த அண்ட்ரொய்ட் 10 முதலும், 2020இல் வந்த ஐஓஎஸ் 14 முதலும் போன்கள் தற்செயல் முகவரியைப் பாவிப்பது உண்மை. முகவரியின் இரண்டாம் எழுத்து 2, 6, ஏ, ஈ ஆகியவற்றில் ஒன்றாக இருந்தால் அது அப்படிப்பட்ட முகவரி என்று கண்டுகொள்ளலாம். ஆனால் அந்த முகவரி வைஃபையின் பெயருக்கு ஒன்று என்ற கணக்கில்தான் உருவாகிறது. பெயர் ஒன்றாக இருந்ததால் முகவரியும் ஒன்றாகவே வந்தது. இரண்டு பட்டியல்களின் படங்களையும் இத்துடன் இணைத்துள்ளோம். ஒரு வீட்டில் பெயரையும் கடவுச்சொல்லையும் மாற்றியதும் அந்த மாறாட்டம் நின்றது.

அடுத்தது கடவுச்சொல். அது உங்கள் முகவரின் கைத்தொலைபேசி இலக்கம். கடைவீதியில் உங்கள் விளம்பரப் பலகையிலேயே அது பெரிய எழுத்தில் இருக்கிறது. எந்தத் தொலைபேசி இலக்கமும் கடவுச்சொல்லுக்கு ஆகாது. இலங்கையில் கைத்தொலைபேசி இலக்கங்கள் 070, 071, 072, 074, 075, 076, 077, 078 என்றுதான் தொடங்கும். மிச்சம் 7 இலக்கம். ஆக மொத்தம் 8 கோடி சாத்தியங்கள். போனும் ரவுட்டரும் இணையும்போது கைகுலுக்கும் அந்தக் கணத்தை ஒருவர் பதிவுசெய்துகொண்டு போனால், வீட்டில் வைத்து ஒரு நல்ல கிராஃபிக்ஸ் கார்டில் அவ்வளவையும் சில நிமிடங்களில் சோதித்து முடித்துவிடலாம். பெயரும் கடவுச்சொல்லும் தெரிந்தவர் தன் போனின் ஹொட்ஸ்பொட்டுக்கு அதையே வைத்தால் எங்கள் போன்கள் கேள்வி கேட்காமல் அதில் போய்ச் சேரும் என்பதையும் சொல்ல வேண்டும்.

எங்களை உண்மையில் கலங்க வைப்பது டேட்டா இழப்பு அல்ல. இது சிம் போட்ட ரவுட்டர். சிம்முக்கு வரும் குறுஞ்செய்திகள் நிர்வாகப் பக்கத்தில் ஒரு பெட்டியில் சேர்கின்றன. உங்கள் செயலியில் கணக்கைத் திறக்கவும், மேலதிக பெக்கேஜ் போடவும் நீங்கள் அனுப்பும் ஒருமுறைக் குறியீடு அந்தப் பெட்டிக்குத்தான் வருகிறது. வைஃபைக் கடவுச்சொல் பலகையில். நிர்வாகக் கடவுச்சொல் ஸ்டிக்கரில் உள்ளது, அல்லது உங்கள் ஊழியர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று. இந்த இரண்டும் சேர்ந்தால் வீட்டுக்காரரின் பெயரில் யாரும் பெக்கேஜ் போடலாம், கணக்கின் தொலைபேசி இலக்கத்தையே மாற்றலாம். இந்த ஓட்டையை நீங்கள் அறியாதிருக்க முடியாது. ரவுட்டரைத் தெரிவுசெய்தது நீங்கள்.

திறக்க முடிந்த இரண்டு ரவுட்டர்களிலும் வேறு பிழைகளும் இருந்தன. பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2 கலப்பில், டிகேஐபி என்ற பழைய குறியாக்கத்தோடு வைக்கப்பட்டிருந்தது. அது காலாவதியான முறை. அதில் இணையும் கருவிக்கு வேகமும் 54 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறாது. டபிள்யூபிஎஸ் (கடவுச்சொல் இல்லாமல் ஒரு பின் இலக்கத்தால் இணையும் வழி) வசதி திறந்தே கிடந்தது. அந்தப் பின் இலக்கம் 8 இலக்கம் கொண்டது என்றாலும் கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. முதல் 4 சரியா, அடுத்த 3 சரியா என்று ரவுட்டர் தனித்தனியே சொல்லிவிடுகிறது. எனவே 10,000உம் 1,000உம் சேர்த்து அதிகபட்சம் 11,000 முயற்சிகள் போதும். இது 2011 டிசம்பரிலேயே வெளியான குறை. பின் இலக்கம் கிடைத்துவிட்டால் ரவுட்டர் கடவுச்சொல்லையும் சேர்த்துக் கொடுத்துவிடும். எத்தனை தடவை மாற்றினாலும் பயனில்லை.

இவ்வளவையும் நாங்களே திருத்திக்கொள்ளத் தயார். ஆனால் மற்ற வீடுகளின் நிர்வாகப் பக்கம் உங்கள் கடவுச்சொல்லால் பூட்டப்பட்டிருக்கிறது. கேட்டால் "கம்பனி விதி, தர முடியாது" என்கிறார்கள். ரிசெட் துவாரத்தில் ஊசியை வைத்து அழுத்தினால் வாரண்டி ரத்து என்றும் எச்சரிக்கிறார்கள். எல்லாக் கதவுக்கும் ஒரே பூட்டைப் போட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, வீட்டில் பொருள் குறைந்தால் உன் பொறுப்பு என்று சொல்வது போன்றது இது. எங்கள் முதன்மையான புகார் இதுதான்: பொறுப்பு எங்களுடையது என்றால் கடவுச்சொல்லும் எங்களிடம் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஊழியரை அனுப்பி, வீட்டுக்காரர் முன்னிலையில் பின்வரும் வேலைகளைச் செய்து தரும்படி கேட்கிறோம். திறக்க முடிந்த இரண்டு வீடுகளிலும் இவற்றைச் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறோம்.

முதலில் ஏபிஎன் (சிம்மை இணையத்தோடு சேர்க்கும் அமைப்பு) பக்கத்தைப் படம் எடுத்து வைக்க வேண்டும். ரிசெட் ஆனால் அது அழிந்து இணைப்பே வராமல் போகலாம். வேலையை வைஃபையில் செய்யாமல் லேன் கேபிளில் செய்தால் பெயரை மாற்றும்போது பாதியில் அறுந்து போகாது. நிர்வாகக் கடவுச்சொல்லை வீட்டுக்காரரே தட்டச்சுச் செய்ய வேண்டும். ஊழியர் அப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளட்டும். பிறகு ஃபேர்ம்வேர் (ரவுட்டரின் உள் மென்பொருள்) புதுப்பிப்பு, குறுஞ்செய்திப் பெட்டியைக் காலி செய்தல், டபிள்யூபிஎஸ்ஸையும் வெளியிலிருந்து நிர்வகிக்கும் வசதியையும் நிறுத்துதல். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2, ஏஇஎஸ் குறியாக்கம் மட்டும். டபிள்யூபிஏ3 இருந்தால் இரண்டையும் சேர்த்து ஏற்கும் நிலையில் வைக்கலாம். டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்தால் இங்குள்ள பழைய போன்கள் ஏறாது.

வைஃபைக் கடவுச்சொல்லுக்கு 8 முதல் 63 எழுத்துவரை இடம் உண்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதினால் போதும். பாட்டிக்கும் நினைவிருக்கும், வெளியாருக்குப் பிடிபடாது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு விருந்தினர் வலையமைப்பைத் திறந்து வேறு கடவுச்சொல் கொடுக்கலாம். அதில் நிர்வாகப் பக்கம் திறக்காதபடி இருக்கிறதா என்று ஒரு போனில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் ஊழியர்கள் மறந்தே போகும் ஒன்று உண்டு. பெயரை மாற்றிய பின், வீட்டிலுள்ள ஒவ்வொரு போனிலும் பழைய பெயரை அழுத்திப் பிடித்து அழித்துவிட வேண்டும். அழிக்காவிட்டால், இன்னும் மாற்றாத பக்கத்து வீட்டு ரவுட்டரில் அந்தப் போன் பழையபடி போய் ஏறிக்கொள்ளும். அதனால் ஒரு வீட்டுக்கு இன்று, இன்னொன்றுக்கு அடுத்த மாதம் என்று வராமல் லயம் முழுவதையும் ஒரே நாளில் முடித்துத் தர வேண்டும்.

சேனலையும் (வைஃபை பாவிக்கும் அலைவரிசையையும்) அன்றே ஒழுங்குபடுத்தலாம். இந்த ரவுட்டரில் இருப்பது 2.4 கிகாஹேர்ட்ஸ் மட்டும். அதில் ஒன்றையொன்று மிதிக்காதவை 1, 6, 11. சேனலின் அகலம் 40 மெகாஹேர்ட்ஸில் கிடக்கிறது, அதை 20க்குக் குறைக்க வேண்டும். முன்வரிசைக்கு 1, 6, 11 என்றும் பின்வரிசைக்கு 6, 11, 1 என்றும் தொடர்ந்தால் பக்கத்திலும் முதுகிலும் ஒரே சேனல் வராது. மூலைவாட்டில் வரும், அதையும் தவிர்க்க மூன்று சேனல் போதாது. அங்கேதான் வைஃபை சக்தியைக் குறைப்பது உதவும். ஒரு காம்பராவுக்குக் குறைந்த சக்தியே தாராளம். சக்தியைக் குறைத்தால் டவர் சிக்னலும் குறையும் என்று உங்கள் ஹொட்லைனில் சொன்னது தவறு. டவரோடு பேசும் அன்டெனாவுக்கும் வைஃபைக்கும் தொடர்பில்லை. டவர் சிக்னல் குறைவதற்குக் காரணம் ரவுட்டரை அலுமாரி மேல், தகரத்துக்கு அருகில் வைத்தது. டவர் இருக்கும் மலைப்பக்கத்து ஜன்னலுக்கு அதை மாற்றினாலே வித்தியாசம் தெரியும்.

டேட்டாவைப் பொறுத்தவரை, ரவுட்டர் பொருத்திய நாளிலிருந்து இந்தத் திருத்தம் முடியும்வரை ஒவ்வொரு வீடும் காசு கொடுத்து ரீலோட் செய்த மேலதிக டேட்டாவைத் திருப்பி வரவு வைக்க வேண்டும். யாருடைய டேட்டா யாரிடம் போனது என்று இனிப் பிரிக்க முடியாது. அதனால் வீட்டுக்கு வீடு ஆதாரம் கேட்க வேண்டாம். ரீலோட் விபரம் உங்கள் கணினியிலேயே இருக்கிறது. அத்தோடு, திருட்டு என்று உங்கள் ஹொட்லைன் சொன்ன ஒரு சொல்லால் பேச்சுவார்த்தை அற்றுப்போன வீடுகள் இந்த லயத்தில் இருக்கின்றன. பிழை பொருத்தியதில்தான், எந்த வீட்டார் மீதும் இல்லை என்று கம்பனியின் கடிதத்தாளில் எழுதித் தாருங்கள். அதை எல்லோரும் பார்க்கும்படி லயத்தில் ஒட்டி வைப்போம்.

பெட்டிக்குள் வந்த கையேட்டில் தமிழ் ஒரு வரிகூட இல்லை. மேலே சொன்ன படிகளைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டு ஒவ்வொரு ரவுட்டரோடும் கொடுங்கள். வார்த்தைகள் வேண்டுமென்றால் இந்தக் கடிதத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

ஊழியர் வரும் திகதியை முன்கூட்டியே அறிவியுங்கள். கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் பகலில் வீட்டில் இருக்கமாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை வசதி. பதிலைத் தமிழில், எழுத்தில் எதிர்பார்க்கிறோம். 14 நாட்களுக்குள் பதில் வராவிட்டால் இக்கடிதத்தையும் இணைப்புகளையும் கீழுள்ள இரு இடங்களிலும் முறைப்பாடாகப் பதிவுசெய்வோம்.

இப்படிக்கு,
இணைப்புப் பெற்ற வீட்டார்
(கையொப்பங்கள் தனித்தாளில்)

இணைப்பு: இணைந்த கருவிகளின் பட்டியல் – 2 படங்கள், பாதுகாப்பு, டபிள்யூபிஎஸ் பக்கங்கள் – 2 படங்கள், ரீலோட் பற்றுச்சீட்டுகளின் பிரதிகள்.

பிரதி:
இலங்கை தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு
பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை