வண்டியைக் கொடுத்துவிடாதே, அக்கா

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்து, அதற்கு மேல் வராமல் மூன்று தாளைக் கிழித்துப் போட்டாயிற்று. உன் கடிதம் வந்து ஐந்து வாரம். போனில் என்றால் "வந்துச்சு, வந்துச்சு" என்று சமாளித்திருப்பேன். ஆனால் நீ நான்கு பக்கம் எழுதி, அதற்கு அடியில் அப்பா நடுங்குகிற கையெழுத்தில் "வண்டிக்கு ஆள் வந்திருக்கிறது. உன் அபிப்பிராயம் எழுதவும்" என்று போட்டிருக்கிறார். ஏதோ ஆபீசுக்கு மனு எழுதுகிற மாதிரி. அதற்குப் போனில் பதில் சொல்ல மனசு வரவில்லை. நம் புல்லட் வண்டி விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன், முதலில் இந்த இங்கிலாந்துக் கதை.

குளிர் இறங்கிவிட்டது. நாலு மணிக்கே இருட்டு. நான் பழைய அறையை விட்டுவிட்டு மாடியில் ஒரு சின்ன அறைக்கு மாறிவிட்டேன், வேறொன்றும் இல்லை, கூட்டிப் பெருக்கச் சுலபம். ஹீட்டரும் ராத்திரி ஒரு மணி நேரம் போட்டால் போதும், எனக்குத்தான் ரொம்பச் சூடு ஒத்துக்கொள்ளாதே. மாலையில் பெரும்பாலும் எதிர் வீட்டுப் பெரியவரின் ஷெட்டில் இருக்கிறேன். அங்கே எப்போதும் கணகணவென்று இருக்கும். போன தடவை சொன்னேனே, பனியில் அரை டிராயரோடு குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போவார் என்று, அவரேதான்.

மனுஷனுக்கு வருஷத்தில் இரண்டே காலம். வெயில் காலத்தில் பைக், பனிக் காலத்தில் ரயில். இங்கே சாலையில் பனி உறையாமல் இருக்க உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு குரோமையும் ஸ்போக்கையும் அரித்துத் தின்றுவிடும். அதனால் முதல் உப்பு வண்டி தெருவில் போன அன்றே பைக்குக்குப் போர்வை போர்த்திவிட்டு, ஷெட்டின் மறுபாதியில் இருக்கிற ரயிலுக்கு வந்துவிடுவார். பைக் 1950-களின் பி.எஸ்.ஏ., இரட்டை சிலிண்டர். நிறுத்தி வைத்தால் டாங்கில் இருக்கிற எண்ணெய் பம்பைத் தாண்டி மெல்ல எஞ்சினுக்குள் இறங்கி, அங்கிருந்து தரைக்கு வந்துவிடும். அடியில் ஒரு பழைய தகரத் தட்டு. ஒழுகவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும், உள்ளே எண்ணெய் இல்லை என்று அர்த்தம் என்பார். இந்த ஜோக்கை வாரத்துக்கு இரண்டு முறை கேட்கிறேன்.

ரயில் என்றால் பொம்மை ரயில் என்று நினைக்காதே. பன்னிரண்டு அடி நீளப் பலகை, அதன் மேல் ஒரு சின்ன ஸ்டேஷன், ஒரு மலைச்சரிவு, ஒரு ஓடை. நிஜத்தில் ஓர் அடி என்றால் அங்கே 4 மி.மீ. அதாவது அப்பா அந்த ஊரில் நின்றால் 22 மி.மீ. உயரம். தண்டவாளம் மட்டும் அந்தக் கணக்குக்கு ஒத்துவராது. 18.83 மி.மீ. அகலம் இருக்க வேண்டியது 16.5 தான் இருக்கும். அந்தக் காலத்து மோட்டார்கள் இந்த நாட்டுச் சின்ன எஞ்சின்களுக்குள் நுழையவில்லையாம். அதனால் வண்டியைப் பெரிதாக்கிவிட்டுத் தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். இத்தனை வருஷமாக எல்லோரும் தெரிந்தே இதைக் கண்டுகொள்ளாமல் இருக்கிறார்கள். நம் பெரியப்பா குடும்பத்து விவகாரம் மாதிரிதான்.

தினம் மாலை 7.10-க்கு ஒரே ஒரு ரயில் விடுவார். நான் 7.12-க்குப் போனால் போனதுதான், மறுநாள்தான் அடுத்தது.

எனக்குக் கொடுத்த வேலை புல்லும் மண்ணும். மலை என்பது உள்ளே வெறும் தெர்மோகோல் மாதிரி அட்டைதான். ரொட்டி அறுக்கிற கத்தியால் செதுக்கி, மேலே மாவுக்கட்டுத் துணியை நனைத்துப் போர்த்த வேண்டும், சின்னவன் கை ஒடிந்தபோது போட்டார்களே, அதே துணி. காய்ந்ததும் மண் நிறம். புல்லுக்கு நைலான் முடி, 2 மி.மீ., 4 மி.மீ. என்று வகை வகையாக. பசை ஈரமாக இருக்கும்போதே அதில் ஓர் ஆணியைக் குத்தி ஒரு ஒயரை மாட்டிவிட்டு, இன்னொரு ஒயர் இருக்கிற சல்லடையை மேலே ஆட்டினால், மின்சாரத்தில் முடி அத்தனையும் விறைத்துக்கொண்டு நட்டுக்குத்தாக விழும். பார்த்தால் நமக்கே சிலிர்க்கும். பச்சை ஒன்றையே போட்டால் பிளாஸ்டிக் மாதிரி இருக்கும் என்று முதலில் வைக்கோல் நிறம், அப்புறம் மங்கின பச்சை. மரத்தடிச் சருகுக்குக் காய வைத்த தேயிலைச் சக்கை. அதைவிட நல்ல சருகு கடையில் கிடையாது.

ஜல்லி போடுவதில்தான் மானம் போயிற்று. தண்டவாளக் கட்டைகளுக்கு நடுவே ஜல்லியைப் பிரஷ்ஷால் பரப்பி, பாத்திரம் கழுவுகிற சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணீரைப் புகையாக அடித்து, அப்புறம் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையைச் சொட்டு மருந்து மாதிரி விட வேண்டும். சோப்பு இல்லாவிட்டால் பசை உள்ளே இறங்காமல் முத்து முத்தாக உருண்டு நிற்கும். எல்லாம் சரியாகத்தான் செய்தேன். மறுநாள் அவர் "பாயின்ட் ஒட்டிக்கொண்டுவிட்டது" என்றார். நான் பெரிய மெக்கானிக் மாதிரி உப்புத்தாளை எடுத்துக்கொண்டு நேரே பைக்கிடம் போய், போர்வையை விலக்கி, எஞ்சினுக்குத் தீப்பொறி தருகிற மேக்னெட்டோவின் மூடியைக் கழற்றிவிட்டேன். அப்பா சொல்லிக்கொடுத்த பாயின்ட் எனக்கு அது ஒன்றுதானே, தீப்பொறிக்காகத் திறந்து மூடுகிற முனை. அங்கே இடைவெளி 0.3 மி.மீ., அச்சாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் மனிதர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். ரயிலிலும் பாயின்ட் உண்டாம், தண்டவாளம் பிரிகிற இடம். அதில் என் பசை போய் உறைந்து கிடந்தது.

நமது புல்லட்டைப் பற்றி அவரிடம் நிறையச் சொல்லியிருக்கிறேன். 1932-ல் இவர்கள் நாட்டில் பிறந்த வண்டி, இங்கே தொழிற்சாலையே மூடிப் போய்விட்டது, 1955-ல் மெட்ராஸுக்கு வந்தது அங்கேயே வளர்ந்துவிட்டது என்று அவரே கதை கதையாகச் சொல்வார். அப்பா உதைக்கிற விதத்தைச் செய்து காட்டினேன். எஞ்சின் அழுத்தத்தை வெளியே விடுகிற டீகம்ப்ரஸர் லீவரைப் பிடித்துக்கொண்டு, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வருகிற வரை மெதுவாக மிதித்து, லீவரை விட்டு ஒரே உதை. ரொம்ப நேரம் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

அப்புறம்தான் அவர் பலகையின் ஒரு மூலையை எனக்கென்று ஒதுக்கிக் கொடுத்தார். இரண்டடிக்கு ஒன்றரை அடி. என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்றார். நான் யோசிக்கவே இல்லை அக்கா, கை தானாக லெவல் கிராசிங்கைத்தான் செய்தது. நம் மீட்டர் கேஜ் தண்டவாளம் அவர் அளவில் 13 மி.மீ. வர வேண்டும், கடையில் 12-தான் கிடைக்கிறது, அதையே போட்டுவிட்டேன். கேட் போட்டிருப்பான், அப்பா லீவரைப் பிடித்ததும் எஞ்சின் "புஸ்" என்று அடங்கும். நான் டாங்க் மேல், நீ பின்னால். சுடுகிற எஞ்சினில் டிக் டிக் என்று சத்தம் வரும். நீ பெட்டிகளை எண்ணுவாய், நான் ஒன்று குறைவாகச் சொல்வேன், சண்டை. நேற்று அந்த 22 மி.மீ. ஆளுக்கு வெள்ளைச் சட்டை அடித்துப் பைக்கில் உட்கார வைத்தேன். பின்னால் உன்னை ஒட்டினேன். டாங்க் மேல் உட்கார வைக்கிற அளவுக்குச் சின்னப் பையன் பொம்மைப் பாக்கெட்டில் இல்லை. விளக்கை அணைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சரி, வண்டி விஷயம். கொடுக்க வேண்டாம். இதுதான் என் அபிப்பிராயம், அப்பாவுக்கு வாசித்துக் காட்டு. வந்த ஆளிடம் முன்பணம் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடச் சொல். மழைக்கு முன்னால் ஓடு மாற்ற வேண்டும் என்று அத்தான் சொல்வதில் நியாயம் இருக்கிறது, நான் மறுக்கவில்லை. அது என் பொறுப்பு. இந்த மாதம் இங்கே கொஞ்சம் கணக்கு வழக்குச் சரிபார்க்கிறார்கள், ஓவர்டைம் அடுத்த மாதம்தான் ஆரம்பிக்கும், அதனால் இரண்டு தவணையாக அனுப்புகிறேன். சித்தியிடம் கேட்காதே.

இன்னொன்று, அத்தானிடம் பக்குவமாகச் சொல். வாரத்துக்கு ஒரு தடவை இரண்டு நிமிஷம் ஸ்டார்ட் செய்து நிறுத்துகிறார் என்று எழுதியிருந்தாய். வண்டிமேல் அக்கறையில்தான் செய்கிறார், ஆனால் எஞ்சின் நன்றாகச் சூடேறாமல் நிறுத்தினால் உள்ளே ஈரம் தங்கி எண்ணெயைக் கெடுக்கும். அதற்குச் சும்மா விடுவதே மேல். சின்னவனை விட்டு டாங்கிலும் கார்புரேட்டர் கிண்ணத்திலும் உள்ள பெட்ரோலை வடிக்கச் சொல், இப்போது வருவது எத்தனால் கலந்தது, ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் கெடுக்கும். பிளக்கைக் கழற்றி ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு நாலு தடவை மெதுவாக மிதிக்கட்டும். பேட்டரியைக் கழற்றி உள்ளே வை. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்து, சைடு ஸ்டாண்டில் வேண்டாம். அப்பா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லட்டும், ஆனால் உதைக்க விடாதே, முழங்காலோடு விளையாட முடியாது.

அப்புறம் ஒரு சின்ன வேலை. கேட் கீப்பர் அறை இன்னும் இடிக்காமல் இருந்தால், சின்னவன் ஓர் அடி ஸ்கேலைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நிற்க, நேர் எதிரே நின்று ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அதை வைத்து மற்ற அளவெல்லாம் நான் கணக்குப் போட்டுக்கொள்வேன். கதவு நீலமா பச்சையா என்று அப்பாவிடம் கேள். எனக்கு நீலம் என்றுதான் ஞாபகம், நீ எப்படியும் பச்சை என்பாய்.

இப்படிக்கு,
தம்பி

பின்குறிப்பு: டாங்க் மூடிச் சாவியும் வண்டிச் சாவியும் ஒரே வளையத்தில் இருக்கும். அதை ஆணியில் மாட்டாமல் நீயே வைத்துக்கொள்.