ஏழு ஜோடி: ஒசாகாவில் இருக்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே டோக்கியோவில் நானும் அப்பாவும் நலம். சாம்பார் பொடியையும் பருப்புப் பொடியையும் தனித்தனியாகக் கட்டி இந்தப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன். போனில் நீ சொன்ன மாஜோங் காய் ஆட்ட விஷயத்துக்குப் பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். போனில் சொன்னால் பாதியிலேயே "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய்.

ஏழு ஜோடி காய் சேர்த்து ஜெயிக்கும் கை கோழைகளின் ஆட்டம், இனி அந்தப் பக்கமே போக மாட்டேன் என்றாய். ஆறு ஜோடி சேர்த்து, இன்னும் ஒரே காய்தான் வேண்டும் என்று அறிவிக்கும் ரீச்சியும் சொல்லி, கடைசிக் காய் வரை காத்திருந்தும் யாரும் உனக்கு வேண்டியதைப் போடவில்லை. கோபம் வரத்தான் செய்யும். ஆனால் எதற்காகக் காத்திருந்தாய் என்று கேட்டதற்கு, கூடுதல் மதிப்புள்ள சிவப்பு ஐந்து பின்னை (வட்டக் காயை) கையில் வைத்துக்கொண்டு இன்னொரு ஐந்து பின்னுக்கு என்றாய். தனியாக நின்ற மேற்குக் காற்றுக் காயைத்தான் வீசினேன் என்றும் சொன்னாய். பிசகு அங்கேதான். சீட்டோய்ட்சு (ஏழு ஜோடிக்கு ஜப்பானியப் பெயர்) மேல் பழி போடாதே.

நீ கணக்குப் போட்டது எனக்குப் புரிகிறது. ஐந்து பின் இன்னும் மூன்று இருந்தது. மேற்கில் ஒன்று ஏற்கெனவே விழுந்துவிட்டதால் மிச்சம் இரண்டுதான். அதோடு, ரீச்சியும் ஏழு ஜோடியும் மட்டும் என்றால் 3200 புள்ளி. சிவப்பு ஐந்து சேர்ந்தால் 6400. தாளில் பார்த்தால் நீ செய்தது சரி. ஆனால் ஐந்து பின்னை யாரப்பா போடுவார்கள்? நடு எண், எல்லோருடைய வரிசையிலும் உட்காரும் காய். நீ ரீச்சி குச்சியை வைத்ததுமே அதைக் கையில் வைத்திருப்பவர் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொள்வார். மேற்கு அப்படியில்லை. ஒன்று விழுந்துவிட்டது, இனி அதை வைத்து யாருக்கும் பெரிதாக ஆகப்போவதில்லை. கையில் ஒற்றையாக வைத்திருப்பவர் இதுதான் பத்திரம் என்று முதலில் அதைத்தான் தள்ளுவார். எத்தனை மிச்சம் என்பதை விட, எது கையை விட்டு வெளியே வரும் என்று பார்க்க வேண்டிய ஆட்டம் இது.

எங்கள் மாஜோங் மன்றத்தில் சொல்லிக்கொடுக்கும் பாட்டி இதில் கெட்டிக்காரி. இரண்டு விழுந்து ஒன்றே ஒன்று மிச்சமிருக்கும் காய்க்குக்கூடக் காத்திருப்பார். 'நரகக் காத்திருப்பு' என்று பெயர். மற்ற மூவரும் அதைச் செத்த காய் என்று நினைத்து நிம்மதியாகப் போடுவார்கள். பாட்டி மெதுவாக "ரோன்" என்பார், அதாவது நீ போட்ட காயில் நான் ஜெயித்தேன் என்று. மகா குறும்பு அந்த வயதில்.

இன்னொரு வழியும் உண்டு. நீ முன்னால் நான்கு பின்னை வீசியிருந்தால், ஒன்றும் ஏழும் பத்திரம் என்று மற்றவர்கள் நினைப்பார்கள். ஐந்து ஆறு வைத்துக்கொண்டு ஏழுக்குக் காத்திருப்பவனுக்கு நான்கும் வேண்டியதாகிவிடும். தான் வீசிய காயில் தானே மாட்டிக்கொண்டு, பிறர் போடுவதை எடுக்க முடியாமல் நிற்பான். அதை நம்பித்தான் போடுவார்கள். ஆனால் ஏழு ஜோடிக்காரன் காத்திருப்பது எப்போதும் ஒற்றைக் காய்க்கு. அவனுக்கு அந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. நான்கை வீசிவிட்டு ஒன்றுக்காகக் காத்திரு, அதுவாகவே வந்து விழும். எதிரே இருப்பவர் விவரமானவர் என்றால் மட்டும் எச்சரிக்கை: ஆரம்பத்திலேயே நடு எண்கள் தாறுமாறாக விழுவதைப் பார்த்து, இவன் ஜோடி சேர்க்கிறான் என்று மோப்பம் பிடித்துவிடுவார்.

கோழை என்றாயே, அதையும் சொல்லிவிடுகிறேன். வேறொருவர் ரீச்சி சொன்ன பிறகு நம் கையில் பத்திரமான ஜோடி ஒன்று இருந்தால், அதை உடைத்து இரண்டு முறை தப்பிக்கலாம். முன்னேறவும் வழி வைத்து, பின்வாங்கவும் வழி வைக்கிற கை. இதைக் கோழைத்தனம் என்றால் வைத்துக்கொள், எனக்கு ஆட்சேபணை இல்லை.

அதற்காக, நான்கு ஜோடி வந்தவுடன் ஏழு ஜோடிதான் என்று ஓடுவதும் சரியில்லை. ஐந்து ஜோடியும் மூன்று ஒற்றையும் இருக்கும்போது உனக்கு உதவும் காய் அதிகம் போனால் ஒன்பது, அதாவது மூன்று வகையில் மும்மூன்று. சாதாரணக் கை அதே தூரத்தில் நிற்கும்போது இருபது காயைக்கூட வரவேற்கும். "பொன்" என்று குரல் கொடுத்து அடுத்தவர் போட்ட காயை எடுக்கவும் முடியாது. எடுத்தால் கை அன்றோடு முடிந்தது. அதனால் நான்கு ஜோடி என்றால் நான் இரண்டு மூன்று சுற்று பொறுத்துப் பார்ப்பேன். மும்மூன்றாகச் சேர்ந்தால் தொய்தொய் (மும்மூன்றாகச் சேர்க்கும் கை) பக்கம் போவேன். ஐந்தாவது ஜோடி சேர்ந்தால் மறுபேச்சே இல்லை.

உங்கள் மூவர் ஆட்டத்தில் இது இன்னும் சுலபம். எழுத்து வகை எண் காய்களில் இரண்டு முதல் எட்டு வரை எடுத்துவிடுவதால் 34 வகை 27 ஆகிவிடுகிறது, 136 காய் 108 ஆகிறது. வகை குறையக் குறைய ஜோடி சீக்கிரம் சேரும். நீ வெறுக்க வேண்டிய கையே இல்லை இது.

புள்ளிக் கணக்குக்கு நீ பயப்படுவாய், தெரியும். ஃபு என்னும் சிறு புள்ளிகளை எண்ணுவதில் எனக்கும் தலை சுற்றும். ஆனால் இந்தக் கைக்கு எப்போதும் 25 ஃபு, 2 ஹான் (மதிப்பை இரட்டிப்பாக்கும் படி), அவ்வளவுதான். வங்கிக்காரர் (அந்தச் சுற்றில் முதலில் ஆடுபவர்) அல்லாதவருக்கு ரோன் 1600. ஒரு ஹான் கூடினால் 3200, இன்னொன்று கூடினால் 6400. வங்கிக்காரருக்கு 2400, 4800, 9600. இரட்டிப்பாகிக்கொண்டே போகும், சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஐந்து ஹான் வந்தால் மங்கான் என்னும் நிலையான மதிப்பு, வங்கிக்காரர் அல்லாதவருக்கு 8000. இதில் ஒரு ருசி இருக்கிறது: கையில் எல்லாம் இரண்டிரண்டாக இருப்பதால், ரீச்சி சொல்லி ஜெயித்த பிறகு திருப்பிப் பார்க்கும் டோரா (கூடுதல் ஹான் தரும் காய்) பட்டால் ஒன்றாகப் படாது, இரண்டாகத்தான் படும். சாதாரணமாகத் தெரிந்த 3200 கண் எதிரே 8000 ஆகிவிடும். பாட்டிமார் கூச்சல் போடுவது அப்போதுதான்.

ஆனால் ஒசாகாவைச் சுற்றிய உங்கள் கன்சாய்ப் பக்கம் சில இடங்களில் இதை 1 ஹான் 50 ஃபு என்று வைப்பார்கள். சின்னக் கையில் வித்தியாசமே தெரியாது, அதே 1600, அதே 3200. கை பெரிதானால்தான் இடிக்கும். இங்கே ஆறு ஹான் எண்ணி 12000 வாங்கும் கை, அங்கே ஐந்தோடு நின்று 8000 ஆகிவிடும். உட்காரும் முன்னாலேயே கேட்டுக்கொள்.

ஒரே காய் நான்கு இருந்தால் இரண்டு ஜோடியாகுமா என்பதையும் கேட்டுக்கொள். பெரும்பாலும் ஆகாது. போன மாதம் எங்கள் மேசையில் ஒருவர் எட்டு மூங்கில் நான்கையும் பெருமையாகப் பரப்பிவைத்துத் தண்டம் கட்டினார். சீனாவின் பழைய ஆட்டத்தில் இந்தக் கையே கிடையாதாம், அமெரிக்கர்கள் ஆடிய வகையிலிருந்து வந்து சேர்ந்ததாம். இங்கே முன்பு இதை நிக்கோநிக்கோ என்று சொல்வார்கள் என்று பாட்டி சொன்னார். எனக்கு அந்தப் பெயர்தான் பிடித்திருக்கிறது.

அப்புறம், அப்பா எழுதச் சொன்னது: காசு வைத்து ஆடாதே. அலுவலகத்தில் எல்லோரும் கொஞ்சம் வைப்பார்கள் என்று நீ இழுத்ததை இருவரும் கவனித்தோம். 2020-ல் டோக்கியோ உயர் அரசு வழக்குத் துறையின் தலைவரே காசு வைத்து மாஜோங் ஆடியது வெளியே வந்து பதவி விலகினார். நாம் விசாவில் இருக்கிற குடும்பம். எங்கள் மன்றத்தில் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்: பந்தயம் இல்லை, குடி இல்லை, புகை இல்லை. இங்கே நிஷிகசாய்ப் பகுதியில் இருக்கும் நம் ஆட்கள் நாலைந்து பேர் இப்போது வருகிறார்கள், அந்த மூன்றும் இல்லாததால்தான் வீட்டில் அனுப்புகிறார்கள்.

கோல்டன் வீக் விடுமுறையில் வருவதாக இருந்தால் ஷின்கான்சென் ரயில் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு, கடைசி நேரத்தில் நின்றுகொண்டு வராதே. அப்பாவுக்கு விதிகளைப் பாதிக்கு மேல் சொல்லிக்கொடுத்துவிட்டேன். நீ வந்தால் மூன்று பேர் ஆகிவிடும், உங்கள் ஊர் ஆட்டமே ஆடலாம். மேற்கை நான் போட மாட்டேன், சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அம்மா