ஒசாகாவிலிருந்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு நான் நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாக இருக்கிறீர்களா? ஊரில் நல்ல மழை, குளம் நிறைந்துவிட்டது என்று அம்மா சொன்னாள். இங்கே ஜப்பானில் குளிர் தொடங்கிவிட்டது. தொழிற்சாலையைப் பற்றி எழுதினால் உனக்குக் கொட்டாவிதான் வரும். நீ கேட்டது தின்பண்டங்களைப் பற்றி. எனக்கும் எழுதப் பிடித்த விஷயம் அதுதான்.

கைப்பேசியில் நீ பார்த்த உருண்டைக்குப் பெயர் தாகோயாகி. பிறந்த ஊர் இந்த ஒசாகாதான். 1935இல் ஐஸுயா என்ற கடையில் தொடங்கியது. சட்டி என்னவோ நம் பணியாரச் சட்டியேதான், குழிகள் மட்டும் அதிகம். ஊற்றுகிற விதம்தான் வேறு. நீ குழிக்கு ஒரு கரண்டி என்று அளந்து ஊற்றுவாய்; இவர்கள் குழிகள் நிரம்பி வழிந்து தட்டு முழுவதும் பரவும்படி ஊற்றுகிறார்கள். மாவும் கெட்டியில்லை. கோதுமை மாவையும் முட்டையையும் மீன்சாற்றில் நீர்க்கக் கரைத்தது. அதில் ஆக்டோபஸ் துண்டு, வெங்காயத்தாள், சிவப்பு இஞ்சி ஊறுகாய், பொரித்த மாவுத் துணுக்கு எல்லாவற்றையும் தூவுவார்கள். ஓரம் வெந்ததும் கூரான கம்பியால் குழிக்குக் குழி கோடு கிழித்து, வெளியே கிடக்கிற மாவை உள்ளே ஒதுக்கிக் கால்வாசி திருப்புவார்கள். வேகாத மாவு வழிந்து அடியை நிரப்பும். மறுபடி ஒதுக்கல், மறுபடி திருப்பல். நான் போகும் கடைக்காரர் இரண்டு கைகளிலும் கம்பி பிடித்துக்கொண்டு வாடிக்கையாளரிடம் பேஸ்பால் பேசியபடியே திருப்புகிறார். பார்வை சட்டியில் இருப்பதே இல்லை.

மேலே கரிய சாஸ், மயோனைஸ், கடற்பாசித் தூள், கடைசியாக மீன் சீவல். சூட்டில் அந்தச் சீவல் நெளியும். உயிரோடு இருக்கிறதா என்று சின்னவள் கேட்டாளே, இல்லை என்று சொல். சூரை மீனை வேகவைத்துப் புகையிட்டுக் கட்டைபோல் காயவைத்துச் சீவியது அது. தூத்துக்குடிக் கடைகளில் மாசிக் கருவாடு விற்பார்களே, அதுவும் இந்த மீன்தான். உருண்டை வெளியே மொறுமொறு, உள்ளே கூழ். வேகவில்லை என்று நீ திருப்பி அனுப்பிவிடுவாய். இங்கே உள்ளே இளகி இருந்தால்தான் நல்ல கைப்பக்குவம் என்கிறார்கள். எட்டு உருண்டை 500, 600 யென். நம் பணத்தில் சுமார் 300 ரூபாய். மயங்கி விழாதே. இங்கே பல வீடுகளில் இதற்கு மின்சாரச் சட்டி இருக்கிறது; உனக்கு ஒன்று வாங்கலாம் என்று பார்த்தால் இந்நாட்டு மின்சாரம் 100 வோல்ட், நம் ஊரில் செருகினால் புகைதான் வரும்.

வாங்கியதைத் தின்றுகொண்டே நடப்பது இங்கே அழகில்லை. தெருவில் குப்பைத் தொட்டியும் கண்ணில் படாது. கடை முன்னாலேயே நின்று சாப்பிட்டுவிட்டுத் தட்டை அங்கேயே கொடுத்துவிட வேண்டும். எனக்கு இது மிகவும் பிடித்துப்போயிற்று. சூடு ஆறுவதற்குள் வாய்க்குப் போய்விடுகிறது.

ஷின்செகாய் என்ற பகுதியில் குஷிகாட்சு விற்கிறார்கள். இறைச்சி, இறால், தாமரைக்கிழங்கு, காடை முட்டை என்று எதை வேண்டுமானாலும் குச்சியில் குத்தி ரொட்டித்தூளில் புரட்டிப் பொரிப்பது. பொதுவாக வைத்திருக்கும் சாஸ் தொட்டியில் ஒரு தடவைதான் முக்கலாம். கடித்த குச்சியை மறுபடி முக்கக் கூடாது என்று சுவரிலேயே எழுதிப்போட்டிருப்பார்கள். எச்சில் பார்ப்பதில் நம் ஆச்சிக்குச் சளைத்தவர்கள் இல்லை. கொரோனாவுக்குப் பிறகு பல கடைகளில் தொட்டியை எடுத்துவிட்டுப் பாட்டில் வைத்துவிட்டார்களாம்.

இனிப்பில்தான் எனக்கும் ஜப்பானியர்களுக்கும் ஒத்துப்போகவில்லை. ஒரு பண்டத்தைப் புகழ வேண்டுமென்றால் "அவ்வளவாக இனிக்கவில்லை" என்பார்கள்! நம் ஊரில் அப்படிச் சொன்னால் மிட்டாய்க் கடைக்காரர் சண்டைக்கு வருவார். மீன் வடிவ அச்சில் சுட்டு, சிவப்புப் பயற்றுப் பூரணம் வைத்த தையாகி மட்டும் எனக்குப் பிடிக்கும். அதையும் வாலிலிருந்து தொடங்க வேண்டும், பூரணம் அதிகமுள்ள தலை கடைசிக்கு.

அதனால் இனிப்பு ஆசை வந்தால் ரயில் ஏறி இதே ஒசாகாவில் உள்ள சுருஹாஷிக்குப் போய்விடுகிறேன். நிலையத்தில் இறங்கும்போதே சுட்ட இறைச்சியின் வாசனை. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் கொரியர்களின் கடைத்தெரு. 1920களில் கொரியாவின் ஜெஜு தீவிலிருந்து ஒசாகாவுக்கு நேரடிக் கப்பல் ஓடியிருக்கிறது. தொழிற்சாலைக் கூலிக்கு வந்தவர்கள் இந்த வட்டாரத்தில் தங்கினார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் ஊர் திரும்பாதவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இப்போது பல கடைகளில் இருக்கிறார்கள்.

இளம்பெண்கள் வரிசையில் நிற்பது பத்து யென் ரொட்டிக்கு. பத்து யென் காசின் உருவத்தில் சுட்டு உள்ளே பாலாடைக்கட்டி வைத்தது. விலை 500 யென்! இழுத்தால் நூலாக வரும், படம் எடுக்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான். நான் நிற்பது ஹொத்தோக் என்ற கொரிய இனிப்பு அடை சுடும் அம்மாளின் கடையில். பிசைந்த மாவுக்குள் நாட்டுச் சர்க்கரையும் பட்டைத்தூளும் கடலையும் வைத்து, எண்ணெய்க் கல்லில் போட்டு வட்டத் தகட்டால் அழுத்துவார். கடித்ததும் பாகு மணிக்கட்டு வரை ஓடும். பாலை உறையவைத்துச் சீவி, வறுத்த சோயாமாவும் அரிசிக் கட்டியும் போட்டுத் தரும் பிங்சு என்ற பண்டத்தை இந்தக் குளிரிலும் சாப்பிட்டேன். அதை அம்மாவிடம் சொல்லாதே.

இவை எல்லாவற்றிலும் என் ஓட்டு யாக்வாவுக்குத்தான். கோதுமை மாவில் எள்ளெண்ணெயும் தேனும் இஞ்சியும் சேர்த்துப் பிசைந்து, பூ அச்சில் அழுத்தி, இளஞ்சூட்டில் நிதானமாகப் பொரித்துப் பாகில் ஊறப்போடுவது. முன்னோர் படையலிலும் வைப்பார்கள். முற்காலத்தில் கொரியாவை ஆண்ட கொரியோ வம்ச அரசர்கள் காலத்தில் தேனும் எண்ணெயும் இதற்கே தீர்ந்துபோகிறதென்று தடைகூட போட்டார்களாம். ஒன்றைத் தின்றதும் அந்தத் தடை எனக்குப் புரிந்தது.

ஓர் அட்டைப்பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். பொங்கலுக்கு ஊருக்கு வரும் நண்பனிடம் கொடுத்தனுப்புகிறேன். அத்தானுக்குச் சர்க்கரை இருப்பதால் ஒன்றுக்கு மேல் கொடுக்காதே. மாவில் கொஞ்சம் அரிசிச் சாராயம் சேர்ப்பது அவர்கள் வழக்கம். பொரியும்போதே அது பெரும்பாலும் ஆவியாகிவிடும் என்றாலும், அம்மா சாப்பிட்டு முடித்தபின் சொல்.

அன்புடன்,
உன் தம்பி