கூடாரம் வாங்குவோர் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'வாட்டர்புரூஃப்' என்ற ஒற்றைச் சொல்லை நம்பி நாங்கள் வாங்கிய குடும்பக் கூடாரம், ஐப்பசி மழையில் ஒரே இரவில் ஒழுகி, குழந்தைகளின் படுக்கையை நனைத்துவிட்டது. துணியில் குறையில்லை, தையல் வழியாகத்தான் நீர் இறங்கியது. தையல்களின் உட்புறம் டேப் ஒட்டி அடைக்கப்பட்டுள்ளதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்று அன்றுதான் உணர்ந்தோம்.

துணி தாங்கும் நீரழுத்தத்தை, அது ஒழுகாமல் தாங்கும் நீர்த்தம்பத்தின் உயரமாக மில்லிமீட்டரில் குறிப்பிடுவார்கள். மேல்விரிப்புக்கு 1,500 என்பது பொதுவாகக் குறைந்தபட்ச அளவாகக் கொள்ளப்படுகிறது என்றாலும், வடகிழக்குப் பருவமழையை ஆண்டுதோறும் காணும் டெல்டாக்காரர்களுக்கு 3,000 இருப்பதே நிம்மதி. படுப்பவர்களின் எடை அழுத்துவதால் தரைவிரிப்புக்கு அதைவிடக் கூடுதலாக வேண்டும். அதன் ஓரங்களும் தொட்டிபோல் உயர்ந்திருக்க வேண்டும்.

ஃபைபர் கம்பிகள் காற்றில் பிளந்துவிடக்கூடும். அலுமினியக் கம்பிகள் விலை கூடினாலும் நீடித்து உழைக்கும். நனைந்த வண்டல் மண்ணில், கூடாரத்தை இழுத்துக் கட்ட அடிக்கும் சிறு முளைகள் நிற்காது என்பதால், நீண்ட, அகன்ற முளைகளைத் தனியாக வாங்குவது நல்லது. ஆனால் 2018 நவம்பரில் தென்னந்தோப்புகளையே சாய்த்த கஜா போன்ற புயலை எந்தக் கூடாரமும் தாங்காது. எச்சரிக்கை வெளியான நாளில் வெளியே தங்கவே கூடாது.

நமது புழுக்கத்திற்குக் காற்றோட்டமுள்ள இரட்டை அடுக்குக் கூடாரமே ஏற்றது. ஈரத்தோடு மடித்துவைத்தால் பூஞ்சை பிடிக்கும்.

இவ்விவரங்களைப் பெட்டியின் மீது தமிழிலேயே அச்சிட உற்பத்தியாளர்கள் முன்வர வேண்டும் எனத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், மன்னார்குடி