வரப்புக்கு அந்தப் பக்கம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சிறு இயற்கைப் பண்ணைகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முதலில் ஒரு திருத்தம். பயிருக்கு ஊட்டமாக ஊற்றும் அமிர்தக் கரைசலுக்கு ஒரு கிலோ சாணம் என்று அச்சாகியிருக்கிறது. பத்து கிலோ என்று இருக்க வேண்டும். பத்து கிலோ சாணம், பத்து லிட்டர் கோமியம், கால் கிலோ வெல்லம், 200 லிட்டர் தண்ணீர். ஒரு நாள் ஊறவிட்டு மறுநாள் பாசனத் தண்ணீரோடு கலந்துவிட்டால் ஒரு ஏக்கருக்குச் சரியாக இருக்கும். உங்கள் கணக்குப்படி யாராவது கலக்கியிருந்தால் பயிருக்கு ஒன்றும் ஆகியிருக்காது, நல்லதும் சேர்த்துத்தான்.

திருத்தத்துக்காக மட்டும் எழுதவில்லை. நகரத்திலிருந்து வருகிறவர்கள் நாற்று நடுவது, மரத்தடியில் வாழை இலைச் சாப்பாடு, குழந்தைகள் கன்றுக்குட்டியோடு நிற்கும் படம், இவற்றைத்தான் பண்ணைக்கும் மக்களுக்குமான உறவு என்று கட்டுரை காட்டுகிறது. எங்களிடமும் அப்படி ஆட்கள் வருகிறார்கள். வரட்டும், சந்தோஷம்தான். ஆனால் காவிரி டெல்டாவில் ஒரு சின்னப் பண்ணை பிழைப்பதும் படுப்பதும் அவர்கள் கையில் இல்லை. பக்கத்து வயல்காரர் கையில் இருக்கிறது. உங்கள் கட்டுரையில் அவரைத் தேடிப் பார்த்தேன், ஒரு வரிகூட இல்லை.

எங்களுக்கு இருப்பது பத்து மா. மூன்று மா ஒரு ஏக்கர் என்பதால் மூன்றேகால் ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. திருத்துறைப்பூண்டி பக்கம், கடைமடை. வாய்க்கால் தண்ணீர் எங்கள் வயலுக்கு நேராக வராது. மேல்வயல் நிறைந்து, அதன் மடை வழியாகத்தான் எங்களுக்கு இறங்கும். மேல்வயலில் போடும் யூரியாவும் அடிக்கும் மருந்தும் அதே மடை வழியாக வந்து சேரும். நாங்கள் தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் பருவத்தில் மடக்கி உழுது, கரைசல் ஊற்றி, வரப்பு முழுக்க உளுந்து போட்டு நன்மை செய்யும் பூச்சிக்கு இடம் கொடுத்து வைத்திருப்போம். ஒரு ராத்திரி மடை திறந்தால் எல்லாவற்றுக்கும் அர்த்தம் போய்விடும். தன் வயலில் மட்டும் இயற்கை விவசாயம் என்பது மானாவாரிக் காட்டில் முடியலாம். வயலுக்கு வயல் தண்ணீர் பாயும் ஊரில் அது ஒருத்தர் முடிவு இல்லை.

மேல்வயல்காரர் என் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா முறை, எனக்கு மாமா. நாங்கள் மருந்தை நிறுத்திய வருஷம் வரப்பில் நின்றுகொண்டு, "என்ன மருமகளே, பூச்சிக்கு வெத்தலை பாக்கு வச்சு அழைச்சிருக்கீங்களாமே?" என்று கேட்டார். அந்த வருஷம் ஏக்கருக்கு முப்பது மூட்டைக்கு மேல் கண்ட வயலில் பதினாலு மூட்டைதான் கண்டோம். மாமா அதற்கப்புறம் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

மண்ணைக் காப்பது, நஞ்சில்லாச் சோறு, இயற்கை விவசாயத்தைப் பரப்பிய நம்மாழ்வார் ஐயா சொன்னது என்று அவரிடம் பேசிப் பார்த்தோம். கேட்டுக்கொள்வார், டீ கொடுப்பார், மறுநாள் மருந்து டப்பாவோடு வயலுக்கு வருவார். ஒருநாள் என் வீட்டுக்காரர், "சித்தப்பா, நீங்க காசு போட்டு வாங்குற யூரியா பாதி எங்க வயலுக்குத்தான் இறங்குது. எங்களுக்கு அது வேண்டாம், உங்களுக்கு அது நட்டம்" என்றார். அது வேலை செய்தது. அன்றிலிருந்து உரம் போட்டால் மூன்று நாள் மடையைக் கட்டி வைக்கிறார். ஆறு வருஷம் பேசிய தத்துவத்துக்கு அசையாத மனிதர் ஒரு மூட்டை உரத்தின் விலைக்கு அசைந்தார். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அவர் பயிர் செய்வது கடன் வாங்கி, கணக்குப் பார்க்காமல் என்ன செய்வார்? ஐப்பசி மழை கொட்டினால் கட்டிய மடையும் உடைந்துபோகும், அது வேறு கதை.

போன சம்பாவில் யூரியா தட்டுப்பாடு. சொசைட்டி வாசலில் இரண்டு நாள் நின்றுவிட்டு வெறுங்கையோடு வந்த மாமா, எங்கள் கொட்டகைக்கு வந்து கரைசல் டிரம்மை எட்டிப் பார்த்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டார். பிறகு இரண்டு குடம் கேட்டார். நாற்றங்காலில் ஊற்றினார். நாற்று கருகருவென்று வந்தது. "யூரியா கிடைக்கல, அதான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த வருஷம் யூரியா கிடைத்தது, ஆனாலும் குடம் வந்தது. இந்த இரண்டு குடத்தைத்தான் நாங்கள் இத்தனை வருஷத்தில் செய்த பெரிய பிரசாரமாக நினைக்கிறேன்.

அவரிடமிருந்து நாங்கள் கற்றதையும் சொல்ல வேண்டும். எலிக்கு என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தபோது கிட்டி வைக்கும் ஆளைக் கூட்டி வந்தவர் அவர்தான். மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்யும் பழைய தஞ்சாவூர் கிட்டி. சாயங்காலம் வயலுக்குள் வரிசையாக நட்டுவிட்டுப் போனார் அந்தப் பெரியவர். இருட்டியபின் திண்ணையில் உட்கார்ந்திருந்தால் 'டக்' என்று ஒரு சத்தம், கொஞ்சம் கழித்து இன்னொன்று. விடிந்ததும் எலியை எண்ணிக் கூலி. ஆந்தை வந்து உட்கார வயல் நடுவில் குச்சி நடச் சொன்னதும் மாமாதான். இதெல்லாம் அவருக்கு அவர் அப்பா காலத்துப் பழக்கம். இயற்கை விவசாயம் என்று யாரும் அவரிடம் பெயர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

விதையும் எங்களுக்கு ஊரார் வழியாகவே வந்தது. பக்கத்து ஆதிரெங்கத்தில் 2006-லிருந்து நெல் திருவிழா நடத்தி வந்தவர் நெல் ஜெயராமன். இரண்டு கிலோ விதை கொடுப்பார், அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். காசு கிடையாது. இப்படியே 150-க்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்களைக் கை மாற்றி உயிரோடு வைத்தார். 2018 டிசம்பரில் அவர் போய்ச் சேர்ந்தபோது, கஜா புயல் அடித்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. விழுந்த தென்னையை அறுக்கவும் ஆள் கிடைக்காமல் இருந்தோம். நாங்கள் வாங்கிய இரண்டு கிலோ மாப்பிள்ளைச் சம்பாவுக்கு நான்கு கிலோ திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. அதே கணக்கில் இப்போது நாங்களும் கொடுக்கிறோம். திரும்பி வருவது பாதிதான். வராத விதையும் எங்கேயாவது முளைத்திருக்கும் என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் வருவதைப் பற்றிக் கட்டுரையில் அழகாக எழுதியிருந்தீர்கள். டவுனிலிருந்து ஒரு தனியார் பள்ளி வேனில் நாற்பது பிள்ளைகள் வந்தார்கள். மாப்பிள்ளைச் சம்பா அரிசியைப் பார்த்துவிட்டு ஒரு பெண் குழந்தை, "ஆன்ட்டி, இதுக்குச் சாயம் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டது. நான்கு நெல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து ஊதிக் காட்டினேன். சிவப்பாக நான்கு மணி. அதைப் பத்திரமாகக் கைக்குட்டையில் முடிந்துகொண்டது. நல்ல பிள்ளை. பிறகு எல்லோரையும் நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள்.

மறுவாரம் எங்கள் ஊர் அரசுப் பள்ளியின் ஐந்தாம் வகுப்பு வந்தது. நடவுக்கும் களைக்கும் வருகிறவர்களின் பிள்ளைகள். இவர்களுக்கு வயலைப் பற்றி என்ன சொல்வது? நான் வரப்பு ஓரத்து வளையைக் காட்டி இது நண்டு வளை என்று ஆரம்பித்தேன். ஒரு பையன் குறுக்கே வந்து, "இல்ல அத்தை, நண்டு இருந்தா வாசல்ல ஈர மண் உருண்டை உருண்டையா கிடக்கும். இது வழவழன்னு இருக்கு, பாம்பு போயிருக்கு. கையை விட்டுடாதீங்க" என்றான். அன்றைக்கு வகுப்பு எடுத்தது அவன்தான். நான் மோர் கொடுத்தேன். எந்தப் பள்ளி வந்தாலும் இப்போது அந்தப் பிள்ளைகளில் இரண்டு பேரைச் சனிக்கிழமை பார்த்து வரச் சொல்லுகிறோம். டவுன் பிள்ளைகள் நான் சொன்னால் கேட்பதில்லை, இவர்கள் சொன்னால் வாயைப் பிளந்து கேட்கிறார்கள்.

சங்கடமான ஒன்றும் இருக்கிறது. நடவுக்கு வந்த ஒரு பெரியம்மா, "ஏம்மா, இந்த அரிசி கிலோ என்ன விலை?" என்று கேட்டார். சொன்னேன். "நட்டது நாங்க, எங்களுக்குக் கட்டுப்படியாகாதே" என்று சிரித்துக்கொண்டே குனிந்து அடுத்த நாற்று முடியைப் பிரித்தார். ரேஷனில் அரிசி சும்மா கிடைக்கிறது, அவர் ஏன் இவ்வளவு கொடுத்து வாங்கப் போகிறார்? விலையைக் குறைக்கலாம் என்றால், மூட்டை குறைவு, அரவைக்கு நாலைந்து மூட்டையோடு போனால் மில்லில் தனியாக அரைத்துத் தரமாட்டேன் என்கிறார்கள், மொத்தமாக ஓட்டினால் அடுத்தவர் அரிசியோடு கலந்துவிடும். ஆளுயரப் பயிர் காற்றில் சாய்ந்தால் அறுவடை இயந்திரத்துக்கு மணிக்கணக்கு கூடும். அறுப்பு முடிந்ததும் நட்டவர்களுக்குக் கூலியோடு ஆளுக்கு ஒரு மரக்கால் நெல் கொடுக்கிறோம். வீட்டில் பிள்ளை பெற்றவள் இருந்தால் கஞ்சிக்குப் பூங்கார் அரிசி கேட்டு வருவார்கள், அதற்குக் காசு வாங்குவதில்லை. இது போதாது என்று எங்களுக்கே தெரியும்.

இயற்கை விவசாயச் சான்றிதழ் பற்றியும் எழுதியிருந்தீர்கள். பங்கேற்பு உத்தரவாத முறையில் குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி சொல்ல வேண்டும். பத்து மா வைத்திருப்பவர்களுக்குச் செலவில்லாத வழி. எங்களுக்கு நான்கு பேர் கிடைத்துவிட்டார்கள். ஐந்தாவது ஆளாக மாமாவை மனத்தில் வைத்திருக்கிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. இரண்டு குடத்தை நம்பிக் கேட்டால் அதுவும் நின்றுவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

அடுத்த முறை உங்கள் நிருபரை ஆவணியில் அனுப்புங்கள். சேறு, கொசு, சண்டை எல்லாம் இருக்கும், படம் அவ்வளவு நன்றாக வராது. வரப்புக்கு இந்தப் பக்கம் எங்களோடு பேசிவிட்டு அந்தப் பக்கமும் இறங்கிப் பேசச் சொல்லுங்கள்.

கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைப் போட வேண்டாம். உங்கள் இதழுக்குச் சந்தா கட்டியிருப்பது மேல்வயல் மாமாதான். அவர் படித்து முடித்த பிறகுதான் எங்கள் வீட்டுக்கு வரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருத்துறைப்பூண்டி வட்டம்