லாகின் செய்ய ஆள் இல்லாத கணினிகளுக்காக: இலகு லினக்ஸ் உருவாக்குநர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய கணினிகளிலும் ஓடும் லினக்ஸ் வழங்கல்களையும் (விண்டோஸுக்குப் பதிலாக நிறுவும் இயங்குதளத் தொகுப்புகள்) பணிச்சூழல்களையும் (மெனு, ஐகான்களோடு நாம் பார்க்கும் திரை) உருவாக்கித் தரும் நண்பர்களுக்கு,

வணக்கம். ஈரோட்டில் என் பெற்றோர் வீட்டில் ஒரு பழைய ஆபீஸ் கணினி இருக்கிறது. நாலு ஜிபி ராம், சின்ன எஸ்எஸ்டி, யுஎஸ்பியில் ஒரு 2 டிபி ஹார்ட் டிஸ்க். உங்கள் உழைப்பில் வந்த ஒரு வழங்கலைப் போட்டு, வீட்டுக்கெல்லாம் பொதுவான ஃபைல் சர்வராக அதை ஓட்டுகிறோம். எந்த வழங்கல் என்று சொல்லப் போவதில்லை. நான் சொல்ல வருவது ஒரு வழங்கலோடு நிற்கிற விஷயம் இல்லை.

கேட்பது ஒன்றுதான். நிறுவும் இடத்திலோ அமைப்புகளிலோ ஒரே ஒரு தேர்வு வையுங்கள்: "இந்தக் கணினியின் முன் யாரும் உட்கார மாட்டார்கள்." அதை டிக் செய்துவிட்டால், கரண்ட் வந்ததும் கணினி தானாக எழுந்து, டிஸ்க்கை இணைத்து, நெட்வொர்க்கில் சேர்ந்து, ஃபோல்டர்களைப் பகிரத் தொடங்க வேண்டும். ஆள் வந்து லாகின் செய்யும்வரை காத்திருக்கக் கூடாது.

போன மாதம் பராமரிப்புக்காகக் காலையில் நிறுத்திய கரண்ட் சாயங்காலம் வந்தது. பயாஸ் என்ற அடிப்படை அமைப்பில் சொல்லிவைத்தபடி கணினியும் எழுந்துவிட்டது. ஆனால் அம்மா போனில் திறந்தால் ஷேர், அதாவது பகிர்ந்து வைத்த ஃபோல்டர், காலி. மறுநாள் காலை சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். மூலப்பத்திரத்தின் ஸ்கேன், வில்லங்கச் சான்று, பழைய வரி ரசீதுகள் எல்லாம் அந்த டிஸ்க்கில்தான். நான் பெங்களூரில். கடைசியில் பக்கத்து வீட்டுத் தம்பி தன் மானிட்டரையும் கீபோர்டையும் தூக்கிக்கொண்டு வந்து மாட்டினார். நான் போனில் ஒவ்வோர் எழுத்தாகச் சொல்ல, அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு விரலால் தட்டினார். "வட்டத்துக்குள்ள ஏ போட்ட மாதிரி இருக்குமே, அது எங்கடா இருக்கு?" திரையில் தெரிவதெல்லாம் கறுப்புப் புள்ளிகள். எந்த எழுத்து தப்பு என்று தெரியாது, மறுபடி முதலிலிருந்து. இரவு பத்து மணிக்கு மேல்தான் உள்ளே போக முடிந்தது. போன அந்த நொடியே டிஸ்க் இணைந்து, பத்திரங்கள் அத்தனையும் வந்து நின்றன.

"மெஷின் ஓடுது, டிஸ்க்கும் ஓடுது, அப்புறம் ஏன்டா அது வரைக்கும் வரல?" என்று அம்மா கேட்டார். அந்தக் கேள்வியை உங்களுக்கே அனுப்புகிறேன்.

காரணம் உங்களுக்குத் தெரியும். யுஎஸ்பி டிஸ்க்கைப் பணிச்சூழல் இணைப்பது யாராவது லாகின் செய்த பிறகுதான். மீடியா ஃபோல்டருக்குள் அந்தப் பயனரின் பெயரில் ஓர் இடம் திறந்து அங்கே மாட்டும். பென்டிரைவைச் செருகி எடுப்பவருக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் ஃபோல்டர்களை நெட்வொர்க்கில் பகிரும் சம்பா என்ற மென்பொருள் யாருக்காகவும் காத்திருப்பதில்லை, கணினி எழும்போதே அதுவும் எழுந்துவிடுகிறது. பகிர்வதற்குத்தான் அதன் கையில் ஒன்றும் இருப்பதில்லை. இதைவிட மோசமான ஒன்றும் உண்டு. திடீரென்று கரண்ட் போகும்போது பழைய ஃபோல்டர் வெறும் கூடாக அங்கேயே தங்கிவிட்டால், அடுத்த முறை டிஸ்க் தன் பெயருக்குப் பின்னால் 1 என்று ஒட்டிக்கொண்டு வேறு இடத்தில் இணையும். ஷேர் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். ஃபைல்கள் அழிந்துவிட்டன என்று நினைத்து ஒரு வீடே பதறும்.

வைஃபையில் இருக்கும் கணினி என்றால், அதன் பாஸ்வேர்டு பயனரின் சாவிக்கொத்தில் (பாஸ்வேர்டுகளைச் சேமிக்கும் இடத்தில்) பூட்டியிருக்கும்பட்சத்தில், லாகின் செய்யும்வரை நெட்வொர்க்கும் கிடையாது. பழைய லேப்டாப் என்றால் மூடியை மூடியதும் தூங்கிவிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் எங்கோ ஓர் அமைப்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஒன்று மெனுவில், இன்னொன்று ரூட் (நிர்வாகி) உரிமையோடு திருத்த வேண்டிய ஒரு கோப்பில். எல்லாவற்றுக்கும் பின்னால் இருப்பது ஒரே அனுமானம்: கணினி ஓடுகிறது என்றால் முன்னால் ஆள் இருக்கிறார். அந்த அனுமானத்தை விலக்க ஒரு தேர்வு வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இதற்கு வழக்கமாக வரும் பதில்களும் எனக்குத் தெரியும். ஆட்டோ லாகின் போடு என்பார்கள். போட்டால் டிஸ்க் எழும்தான். ஆனால் யார் வந்து மானிட்டரை மாட்டினாலும் வீட்டுப் பத்திரங்கள் அத்தனையும் அவர் கண் முன் திறந்து கிடக்கும். சர்வர் பதிப்பைப் போடு என்பார்கள். டிவியில் மாட்டிப் பேத்தியின் படங்களைப் பார்க்கவும், பென்டிரைவிலிருந்து மவுஸால் இழுத்துப் போடவும் அப்பாவுக்கு அதே கணினிதான். கறுப்புத் திரையில் கட்டளை அடிக்க அவரைச் சொல்வதில் நியாயமில்லை. எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி எழுது என்பார்கள். அந்த வரியில், டிஸ்க் இல்லாவிட்டாலும் நிற்காதே என்று சொல்லும் நோஃபெயில் என்ற ஒரு சொல் விட்டுப்போய், ஒருநாள் டிஸ்க்கின் ஒயர் கழன்றிருந்தால் என்ன ஆகும்? வழக்கமான அமைப்பில், கணினியை எழுப்பும் நிரலான சிஸ்டம்டி 90 விநாடி காத்திருக்கும். பிறகு அவசர நிலைக்குப் போய் நின்றுவிடும். மானிட்டர் இல்லாத வீட்டில் அந்தச் செய்தியை யார் படிப்பது? எழுபது வயதை நெருங்குகிற இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு இப்படி ஒரு பதிலைத் தருவது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

செய்ய முடியாத வேலை என்று இதைச் சொல்லவும் முடியாது. டிஸ்க்குகளை நிர்வகிக்கும் க்னோம் டிஸ்க்ஸ் கருவியில் டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்து, மவுண்ட் (இணைக்கும்) அமைப்புகளுக்குள் போனால், கணினி எழும்போதே இணைக்கும் வசதி இருக்கிறது. நோஃபெயிலையும் அதுவே சேர்த்து எழுதுகிறது. யாரோ ஒருவர் இதை யோசித்துச் செய்திருக்கிறார், அவருக்கு நன்றி. ஆனால் அது உள்ளே புதைந்து கிடக்கிறது, அந்தக் கருவியே சேர்ந்து வராத வழங்கல்களும் உண்டு. கட்டுமானம் தயாராக இருக்கிறது, வாசல்தான் இல்லை.

பகிர்வதும் இப்படித்தான். ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து பகிர் என்று கொடுத்தால் போதும் என்று தோன்றும். ஆனால் சம்பாவுக்கென்று தனிப் பாஸ்வேர்டு வேண்டும், கணினியின் பாஸ்வேர்டு அங்கே செல்லாது என்பதைத் திரை சொல்வதில்லை. பாஸ்வேர்டு இல்லாமல் விருந்தினராகத் திறந்துவிடலாம் என்றால், விண்டோஸ் 11 ப்ரோ 24எச்2 பதிப்பிலிருந்து அது வழக்கமான அமைப்பில் எடுபடாது. பாதுகாப்புக்காக வந்த மாற்றம், சரிதான். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற தீநிரல், ஃபைல்களைப் பகிரப் பயன்படும் எஸ்எம்பி என்ற நெறிமுறையின் பழைய வடிவத்தின் வழியாக உலகம் முழுக்கப் பரவியதற்குப் பிறகு யாரும் அசட்டையாக இருக்க முடியாது. அதனால்தான் சரியான பாதுகாப்போடு பகிர்வதை ஒரே திரையில் செய்ய வழி வேண்டும்.

இன்னொன்றும் மனதில் இருக்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. பழைய கணினியைத் தூக்கிப் போடாதீர்கள், லினக்ஸ் போடுங்கள் என்று நாம் எல்லோரும் ஊரெங்கும் சொன்னோம், நானும் சொன்னேன். சரி, போட்ட பிறகு அந்தக் கணினிக்கு வீட்டில் என்ன வேலை? கூகுள் போட்டோஸின் வரம்பில்லாத இலவச இடம் 2021 ஜூன் 1-ஆம் தேதியோடு போய்விட்டது. மெயில், டிரைவ், படங்கள் எல்லாம் சேர்த்து 15 ஜிபிதான். ஒரு குடும்பத்தின் படங்களைப் பத்திரமாக வைப்பதைவிடப் பழைய கணினிக்குப் பொருத்தமான வேலை வேறு என்ன இருக்கிறது? ஆனால் புது வெளியீடு வரும்போதெல்லாம் குறிப்புகளைத் திறந்தால் புதிய தீம், புதிய ஐகான்கள், புதிய பின்னணிப் படம். ஆள் இல்லாமல் ஓடும் கணினியைப் பற்றி ஒரு வரி இருக்காதா என்று தேடித் தேடி அலுத்துவிட்டது.

உங்களில் பலர் சம்பளம் இல்லாமல், வேலை முடிந்த இரவுகளில் இதைச் செய்கிறீர்கள் என்று அறிவேன். என் பெற்றோர் வீட்டில் இப்படி ஒரு கணினி ஓடுவதே உங்களால்தான். அதனால் பணிவோடு மறுபடி கேட்கிறேன். ஆள் இல்லாத கணினி என்ற ஒரு தேர்வு தாருங்கள். டிஸ்க், நெட்வொர்க், பகிர்வு, தூக்கம் ஆகிய நான்கையும் அதுவே பார்த்துக்கொள்ளட்டும். டிஸ்க் இணையாவிட்டால் காலி ஃபோல்டரைக் காட்டாமல், டிஸ்க் இணையவில்லை என்று ஷேரிலேயே ஒரு கோப்பாவது தெரியட்டும். அந்தத் திரைகளையும் உதவிக் குறிப்புகளையும் தமிழாக்கித் தருவதை நான் பொறுப்பேற்றுக்கொள்கிறேன். சோதனைப் பதிப்பு வந்தால் முதலில் ஓட்டிப் பார்த்துப் பிழைகளை எழுதி அனுப்புகிறேன்.

அடுத்த வெளியீட்டின் திட்டப் பட்டியலில் இதற்கு இடம் உண்டா இல்லையா என்று தயவுசெய்து தெரிவியுங்கள். இல்லை என்றால் அதையும் உங்கள் அறிமுகப் பக்கத்தில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். வீட்டுக் கோப்புகளை நம்பி ஒப்படைக்கும் முன் மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மென்பொருளைத் தொடர்ந்து பயன்படுத்தும் ஒருவர்